கம்பி இருந்த இடத்தில் கிளுவை

புரட்டாசி மாதம். இரவெல்லாம் தூறி, விடியும்போது நின்றிருந்தது. தோட்டத்தின் கடைசிப் பாத்தியில் புளிச்சக்கீரை இடுப்பளவு நின்றது. பகலானால் கடைக்குப் போகவேண்டும் என்று சீக்கிரமே பறிக்கப் போனேன்.

கீரைப் பாத்தியை ஒட்டி வரப்பு. வரப்புக்கு அந்தப் பக்கம் என் நாத்தனாரின் வேர்க்கடலைக் கொல்லை. வரப்பின் மேல் ஒரு கீரிப்பிள்ளை படுத்திருந்தது. தூங்குகிறது என்றே முதலில் நினைத்தேன். வால் முடி முழுக்கச் சிலிர்த்திருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. உடம்பில் காயம் எதுவும் தெரியவில்லை.

எங்கள் தோட்டத்துக் கீரிதான். கோழிக்கூண்டுப் பக்கம் போகாமல் எலி வளையாகத் தேடிப் போகும். பாம்போடு சண்டை போட்டுச் செத்ததோ என்று குனிந்தேன்.

"கை வைக்காத, சுமதி."

என் கணவர் குமரேசன் தொட்டியடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர். கையில் பிரஷ், வாயில் நுரை. அங்கிருந்து ஓடி வந்தார். என்னைத் தாண்டி, கீரியைத் தாண்டி, நாத்தனார் கொல்லைக்குள் இறங்கி மோட்டார் ரூமுக்குள் போனார். நான் கீரைக்கூடையோடு அப்படியே நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து, "இப்ப ஒண்ணும் இல்ல, வா" என்றார்.

அதற்குப் பிறகுதான் எனக்கு அந்தக் கம்பி தெரிந்தது. துருப்பிடித்த மெல்லிய கட்டுக்கம்பி. முழங்காலுக்கும் கீழே, சின்னச் சின்ன முளைக்குச்சிகளில் இழுத்துக் கட்டி, கடலைச் செடியின் பச்சையில் மறைந்து வரப்பு முழுக்க ஓடியது.

கீரியைப் பற்றி நான் இன்னும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இங்கே என்ன இருக்கிறது என்று அவருக்கு முன்பே தெரியும் என்பது எனக்கு அப்போது புரிந்தது.

நாங்கள் மூன்று பேர்

இந்தத் தொடரை இந்த வாரம்தான் எடுத்துப் படிக்கிறவர்களுக்காக ஒரு சில வரி. நான் திருப்பத்தூர்க்காரி. கல்யாணமாகி அமிர்தி போகும் சாலையில் இருக்கும் இந்த ஊருக்கு வந்தேன். பஸ் நிறுத்தத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். என் கணவர் வயரிங் வேலை செய்கிறவர். கெட்டுப்போன மோட்டாருக்குக் காயில் கட்டுவார். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் நிலம். அதற்கும் பின்னால் ஜவ்வாது மலை ஏறத் தொடங்கிவிடும்.

பக்கத்துக் கொல்லை அவருடைய அக்கா பச்சையம்மாளுடையது. ஊருக்குச் சொல்ல நாத்தனார், கூப்பிட அண்ணி. இவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே மாமியார் போய்விட, தம்பிக்குச் சோறு போட்டு, பாலிடெக்னிக் வரை அனுப்பியது அண்ணிதான். அண்ணியின் கணவர் இறந்து பல வருடம் ஆகிறது. மகன் ஓசூரில் கம்பெனி வேலை. கொல்லையை அண்ணி ஒருவராகவே பார்க்கிறார்.

ஆகவே அக்கா ஒன்று சொன்னால் தம்பி மறுத்துப் பேசி நான் பார்த்ததில்லை. கம்பி விஷயத்திலும் அதுதான் நடந்திருந்தது. அக்கா கேட்டார். தம்பி மோட்டார் ரூமிலிருந்து லைன் இழுத்துக் கொடுத்தார். இருட்டியதும் போடுவது, விடியுமுன் நிறுத்துவது என்று ஏற்பாடு. அன்றைக்கு நடுவில் கரண்ட் போயிருக்கிறது. போனது போனதுதானே என்று அண்ணி சுவிட்சை நிறுத்தாமல் படுத்துவிட்டார். விடியும் நேரத்தில் அது திரும்பி வந்துவிட்டது. கீரி வரப்பேறியது. அதற்குப் பின்னால் நான்.

பன்றியின் பக்கத்து நியாயம்

அண்ணியைக் கெட்டவர் என்று எழுதினால் அது பொய். மலையடிவாரத்தில் கடலை போடுகிறவர்களுக்குத்தான் அந்த வயிற்றெரிச்சல் தெரியும். ஆடியில் விதைத்து, களையெடுத்து, பூ இறங்கி, காய் பால் பிடிக்கும் நேரம் பார்த்து காட்டுப்பன்றி இறங்கும். தின்பது கொஞ்சம், உழுதுபோட்டதுபோல் புரட்டிவிட்டுப் போவது அதிகம்.

அண்ணி எல்லாம் செய்து பார்த்தவர். பழைய புடவைகளைச் சுற்றிலும் கட்டினார். சலூனில் முடி வாங்கிவந்து வரப்பெல்லாம் தூவினார். தகர டின் தட்டினார். பட்டாசு கொளுத்தினார். பன்றிகள் ஒரு வாரம் பயப்படும்; அடுத்த வாரம் புடவைக்கு அடியிலேயே நுழைந்து வரும். கம்பி ஒன்றுதான் நின்றது என்பார்.

அன்று காலை மூன்று பேரும் வரப்பில் நின்றோம். நான் தினமும் அந்த இடத்தில் கீரை பறிப்பதைச் சொன்னேன். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்றதைச் சொன்னேன். ஒரு மனுஷன் செத்தால் ஜெயில் என்பதையும் சொன்னேன். அண்ணி கீரியைப் பார்த்தபடியே இருந்தார்.

"பன்னிக்குத்தான் வெச்சேன். உனுக்கு வெக்கல" என்றார் கடைசியில்.

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. உண்மையைச் சொல்வதுபோல் சொன்னார்.

என் கணவர் அன்று வேலைக்குப் போகவில்லை, சாப்பிடவில்லை. கட்டிங் பிளேயரை எடுத்துவந்து மோட்டார் ரூமிலிருந்தே கம்பியைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு வந்தார். அண்ணி கொல்லை நடுவில் இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தார்.

"பன்னி துன்னுட்டுப் போனா, உங்க கீரி வந்து குடுக்குமா?" என்றார் தம்பியிடம்.

அவர் நிமிரவில்லை. கம்பியைச் சுருட்டி முடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

பன்றி வந்தது. அந்த வாரமே மலைப்பக்கத்து மூலையில் ஒரு பாகத்தைப் புரட்டிப் போட்டது. அண்ணி எங்களோடு பேசுவதை நிறுத்தினார். என் கணவர் மட்டும் அறுவடை வரைக்கும் தினமும் ராத்திரிச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு டார்ச்சும் டின்னும் எடுத்துப் போய் அக்கா கொல்லையில் காவல் படுத்தார். போகும்போது என்னிடமும் அதிகம் பேசமாட்டார். நானும் பேசவில்லை. எனக்கு அண்ணி மேல் இருந்ததைவிட அவர் மேல்தான் கோபம் அதிகம். தொழில் தெரிந்தவர். என்ன ஆகும் என்று தெரிந்தே கட்டியவர்.

ஒரு நாள் காலையில் காவல் முடிந்து வந்து, காப்பித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "நீ குனிஞ்சது இன்னும் கண்ணுல நிக்குது" என்றார். அதற்குப் பிறகு அந்தக் கோபத்தை என்னால் பிடித்துவைக்க முடியவில்லை.

என் தோட்டத்தின் முதல் பாடம்

கொஞ்சம் பின்னால் போகிறேன். வேலிக்கு எப்படி வந்தேன் என்று சொல்ல, நான் எப்படித் தோட்டம் போடக் கற்றேன் என்று சொல்லவேண்டும்.

டவுன்காரி ஆனதால் முதல் வருடம் நர்சரியில் கண்ணுக்கு அழகாக இருந்ததையெல்லாம் வாங்கிவந்தேன். குரோட்டன்ஸ், புல்தரை, தொட்டி ரோஜா. எங்கள் மண் சரளைக் கல் கலந்த செம்மண். சித்திரை வெயிலில் எல்லாம் காகிதம்போல் ஆயிற்று. தண்ணீர் தூக்கியே என் தோள் இறங்கியது.

அப்போது தோட்டத்தில் நான் நடாமலே செழிப்பாக நின்றவை எவை என்று பார்த்தேன். ஆடாதொடை, நொச்சி, ஆவாரை, வேலியில் ஏறிய கோவைக்கொடி. ஆவாரைப் பூவில் வண்டு இரைச்சல். கோவைப்பழத்தில் மூக்கை விட்டுக் கிடக்கும் குயில். எதற்கும் நான் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றியதில்லை.

அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். முதலில் ஊரில் தானாக வளர்வதை ஓரத்தில் வளரவிடுவது. அதன் நிழலில், அதன் காற்றுத் தடுப்பில் நமக்கு வேண்டியதைப் போடுவது. ஆடிப் பட்டத்தில் பாகல், புடல், அவரை. தை முடிந்ததும் கீரையும் வெள்ளரியும். சித்திரையில் எதுவும் புதிதாக நடுவதில்லை. இருப்பதற்கு மூடாக்குப் போடுவதோடு சரி. கடலைத் தொலியும் காய்ந்த இலையும் ஒரு முழ உயரம் போட்டால், நாள் தவறாமல் ஊற்றிய தண்ணீரை வாரத்துக்கு இரண்டு தரம் ஊற்றினால் போதும்.

எலுமிச்சையில் ஒரு செடியைப் பட்டாம்பூச்சிப் புழுவுக்கென்றே விட்டிருக்கிறேன். மற்றச் செடிகளில் பார்க்கும் புழுக்களைக் குச்சியால் எடுத்து அதில் விட்டுவிடுவேன். அந்த ஒரு செடி வருடம் முழுக்க மொட்டையும் தளிருமாகவே நிற்கும். அதைப் பார்த்து, செடிக்கு மருந்தடிக்கத் தெரியாதவள் என்று கடைக்கு வருகிறவர்கள் சொல்வார்கள். சொல்லட்டும்.

ரயிலோரத்துக் கற்றாழை

கம்பி எடுத்த பிறகு வரப்பு வெறுமையாகக் கிடந்தது. வேறு என்ன செய்யலாம் என்று யோசித்தபோது, திருப்பத்தூரில் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஓடிய தண்டவாளம் ஞாபகத்துக்கு வந்தது.

தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் கற்றாழை. நாங்கள் ரயில் கத்தாழை என்போம். வாள்போல் நீண்டு, நுனியில் ஊசி. பிள்ளைகளாக இருந்தபோது ரயில் பார்க்க அதற்குள் நுழைய நாங்கள் படாத பாடு இல்லை. ஆடு நுழையாது, மாடு நுழையாது. என் தங்கை ஒரு தரம் பாவாடையைக் கிழித்துக்கொண்டு, அம்மாவிடம் அடி வாங்கப் பயந்து தண்டவாளத்து ஓரமே சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள். அங்கே காவலுக்கு ஆள் கிடையாது. கரண்ட் கிடையாது. செடிதான் வேலி.

கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வந்த செங்கத்துக்காரர் ஒருவரிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கொல்லையில் பழைய கிளுவை வேலி இருந்தது. காம்பவுண்டு சுவர் எழுப்பப்போவதால் வெட்டி எரிக்கப்போகிறாராம். எரிக்கவேண்டாம் என்று சொல்லி, குட்டியானை வண்டி பிடித்துக் குச்சிகளை ஏற்றி வந்தேன்.

கிளுவை தெரியாதவர்களுக்கு: குச்சியை ஒடித்து நட்டால் மரமாகும் முட்செடி. கோடையில் இலையே இல்லாமல் செத்ததுபோல் நிற்கும். முதல் மழைக்கு முள்ளுக்கு நடுவில் பச்சை பிடிக்கும். நெருக்கி நட்டால் கோழிக்குஞ்சுகூட நுழையாது.

அண்ணியிடம் கேட்காமல் நடக்கூடாது என்று வரப்புக்கு இந்தப் பக்கத்தில், எங்கள் நிலத்திலேயே நட்டேன். அண்ணி பார்த்தார். நேராக என்னிடம் சொல்லவில்லை. கொல்லையில் களையெடுத்த பெண்களிடம் எனக்குக் கேட்கும்படி சொன்னார்: முள்ளு வெச்சா பாம்பு வரும், நிழல் வுழுந்தா மல்லாட்டை காய்க்காது.

அவர் சொன்னதில் பாதி உண்மை. வேலியின் நிழல் விழும் இடத்தில் கடலை கொஞ்சம் குறையத்தான் செய்யும்.

அழுகிய வரிசை

அந்த முதல் வரிசை முழுக்கப் போயிற்று. ஐப்பசி மழையில் நட்டுவிட்டேன். செடி என்றால் மழையில்தானே நடவேண்டும் என்பது என் நினைப்பு. குச்சியின் அடி மெத்தென்று அழுகி, இழுத்தால் கையோடு வந்தது. அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது.

செங்கத்துக்காரர் வேலியில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அடுத்த கோடையில் மறுபடி போனேன். இந்தத் தடவை அவருடைய மனைவியிடம் நிதானமாகக் கேட்டுக்கொண்டேன். அவர் சொன்னதையும் நான் பட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். வைக்கிறவர்களுக்கு உதவும்.

குச்சி கட்டைவிரல் தடிமனுக்குக் குறையக்கூடாது. வெட்டியவுடன் நடக்கூடாது. பால் வடிந்து, வெட்டுவாய் காயும்வரை மரநிழலில் போட்டுவைக்கவேண்டும். சித்திரைக் கடைசி, வைகாசி தொடக்கத்தில் காய்ந்த மண்ணில் முழங்கையளவு ஆழத்தில் ஊன்றி, சுற்றிலும் கெட்டியாக மிதித்துவிடவேண்டும். தண்ணீர் ஊற்றவே கூடாது. கோடை மழை ஒன்று தானாக வந்து எழுப்பும். பெருமழைக் காலத்துக்குள் வேர் ஓடியிருந்தால் பிறகு அழுகாது.

கிளுவை மட்டும் போதாது. குச்சிக்குக் குச்சி நடுவில் களாச்செடி வைத்தேன். முள்ளும் உண்டு, பழமும் உண்டு. களா விதையைக் காயவைத்துப் பத்திரப்படுத்தினால் முளைக்காது. பழத்தைப் பிதுக்கிய அன்றே போடவேண்டும். மலைப்பக்கத்து மூலையில், பன்றி இறங்கும் தடத்தில், ரயில் கத்தாழை. எங்கள் பக்கத்தில் நிழல் தாங்கும் ஆடாதொடை.

இந்த முறை பிடித்தது. ஆனால் வேலி என்று சொல்ல முடியாது. முழங்கால் உயரத்துக்குப் பச்சைப் புள்ளிகள், அவ்வளவுதான். அந்த ஆடியில் அண்ணி கடலை போட்டார். ஓரத்தில் மட்டும் சுற்றிலும் ஆமணக்கும் எள்ளும் விதைத்திருந்தார். பன்றி எள்ளைத் தொடாது. ஆமணக்கு வாடையும் பிடிக்காது. இதை என் கணவர்தான் காவல் படுத்திருந்தபோது அக்காவிடம் சொல்லியிருக்கிறார். பன்றி அந்த வருடமும் வந்தது. ஆனால் ஓரம் சுற்றிவிட்டு நுழைந்ததால், டின் தட்ட நேரம் கிடைத்தது. புரட்டியது குறைவு.

அப்போதும் அண்ணி என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பொங்கலுக்குக் கடலை ஒரு படி தம்பியிடம் கொடுத்தனுப்பினார். நான் புளிச்சக்கீரைத் தொக்கு கொடுத்தனுப்பினேன். பாத்திரங்கள் போய் வந்தன.

செங்கத்துப் பக்கம் ஒரு சாவு

அடுத்த சித்திரையில் அண்ணியின் கணவர் வழி உறவில் ஒரு சாவு. செங்கத்துக்கு அந்தப் பக்கம். இறந்தவர் வாலிபம் தாண்டாத ஆள். விடியற்காலையில் சோளத்துக்குத் தண்ணீர் திருப்பப் போனவர், பக்கத்துக் கொல்லையில் பன்றிக்கு வைத்த கம்பியில் கால் பட்டு அங்கேயே போய்விட்டார். பக்கத்துக் கொல்லை வேறு யாருடையதும் இல்லை. அவருடைய சொந்தச் சித்தப்பாவுடையது.

என் கணவருக்கு அன்று வேலூரில் வேலை. அண்ணி தனியாகவே பஸ் ஏறிப் போனார். மறுநாள் மதியம் திரும்பி வந்தார். கொல்லைக் கிணற்றடியில் தலைக்குக் குளித்தார். அப்படியே ஈரத் தலையோடு வரப்பேறி எங்கள் பக்கம் வந்தார். ஒன்றரை வருடத்துக்கு மேல் அவர் கால் எங்கள் தோட்டத்தில் பட்டதில்லை.

நான் வெண்டைக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தேன். எழுந்து நின்றேன். அண்ணி வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். பாதி குடித்துவிட்டுச் சொம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

சித்தப்பாவைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போய்விட்டதாம். சித்தப்பாவின் மனைவி, அந்தப் பையனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள், சாவு வீட்டு வாசல் வரைக்கும் வந்திருக்கிறாள்.

"அந்தப் பொம்பள வாசப்படி தாண்டல, சுமதி. தாண்ட வுடல" என்றார்.

பிறகு அழுதார். சத்தம் இல்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, சொம்பை விடாமல் அழுதார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் முதுகில் கை வைத்தேன். முதுகு இன்னும் ஈரமாக இருந்தது.

அழுது முடிந்ததும் வேப்பமரத்துக்குப் பின்னால் பார்த்தார். வேலியில் விட்டுப்போன இடங்களை நிரப்ப நான் செங்கத்துக்காரர் வேலியிலிருந்து வெட்டி வந்து போட்டிருந்த கிளுவைக் கட்டு அங்கே நிழலில் காய்ந்துகொண்டிருந்தது.

"அந்தக் குச்சியில எனுக்குக் கொஞ்சம் குடு. எம் பக்கமும் ஒரு வரிச வெக்கிறேன்" என்றார்.

நிழல் விழுமே அண்ணி என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

அன்று சாயங்காலமே நடத் தொடங்கினோம். அவர் கடப்பாறையால் குழி போட, நான் ஊன்றி மிதித்தேன். என் வரிசைக்கும் அவர் வரிசைக்கும் நடுவில் ஒரு ஆள் குனிந்து போகும் இடைவெளி விட்டோம். வேலூரிலிருந்து வந்த என் கணவர் வரப்பில் வண்டியை நிறுத்திவிட்டு, நாங்கள் இருவரும் மண்ணில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து அக்கா கையிலிருந்து கடப்பாறையை வாங்கிக்கொண்டார்.

வேலிக்குள் குடிவந்தவர்கள்

இரண்டு வரிசையாக வைத்தது யோசித்துச் செய்தது அல்ல. ஆளுக்கு ஒரு வரிசை என்று அமைந்தது. ஆனால் அதுதான் நல்லதாகப் போயிற்று. நடு இடைவெளியில் மாடு வாய் வைக்காது, வெயில் படாது. மழைக்கு மழை உயர்ந்து இரண்டும் மேலே கைகோத்துக்கொண்டன. முதலில் செம்போத்து வந்தது. செம்பட்டை இறக்கையை விரித்துக்கொண்டு வேலிக்குள்ளேயே நடக்கும், பறக்கச் சோம்பல். அப்புறம் கவுதாரி. தேன்சிட்டு ஆடாதொடைப் பூவுக்கு. சில்லான் என்கிற சின்ன ஓணான் ஒன்று சருகுக்குள் சலசலக்கும். சாரைப்பாம்பும் வந்தது. அண்ணி சொன்னது பலித்தது. எலி குறைந்ததும் அதனால்தான்.

பங்குனியில் களா பூக்கும். மல்லி போன்ற வெள்ளைப் பூ, அந்த வாசனைக்கு வேலி முழுக்க ஈ மொய்க்கும். காய் வந்ததும் அண்ணி ஊறுகாய் போடுகிறார். கைக்கு எட்டுவது அவருக்கு, எட்டாதது பறவைக்கு என்று ஒரு ஒப்பந்தம். அதை அவர் மீறுவதும் உண்டு; தொரட்டி எடுத்துக்கொண்டு வருவதைப் பார்த்திருக்கிறேன்.

வேலியைக் கவாத்து செய்வது தையில். அதைத் தள்ளிப்போட்டு ஆவணிக்குள் வெட்டினால் பறவைக் கூடு கலையும். ஒரே தடவையில் முழுக்க வெட்டாமல் இந்த வருடம் ஒரு பாதி, அடுத்த வருடம் மறு பாதி என்று வெட்டவேண்டும். வெட்டிய முள்ளை எரிக்காமல் அடியிலேயே செருகினால் கீழ்ப் பக்கம் அடைந்துகொள்ளும். பன்றி கீழேதான் பார்க்கும்.

பன்றி முற்றிலும் நின்றுவிட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. ஓடைப் பக்கம் கல் இருக்கும் இடத்தில் எதுவும் வேர் பிடிக்கவில்லை. அங்கே ஆமணக்கு, எள், அப்புறம் டின். சில வருடம் ஒரு மூலை போகும். அண்ணி திட்டுவார். ஆனால் போன இடத்தைப் பார்த்துவிட்டு வந்து, கம்பி கட்டித் தரச் சொல்லித் தம்பியைக் கூப்பிடுவதில்லை.

ஏழுமலை கொல்லை

இந்த வருடம் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன்.

அண்ணி கொல்லைக்கு மறுபக்கம் ஏழுமலை என்பவருடையது. அவரும் கடலைக்காரர்தான். எங்கள் பக்கம் அடைந்ததால் பன்றி அவர் பக்கம் திரும்பியிருந்தது. அதை நான் மறைக்க விரும்பவில்லை. ஒருவர் வேலி போட்டால் அடுத்தவருக்குப் பாரம் ஏறத்தான் செய்கிறது. போன பருவத்தில் அவர் கம்பி கட்டினார்.

யாரோ சொல்லி அண்ணிக்குத் தெரிந்தது. அறுவடை முடிந்து கொல்லை காலியான பிறகும் கம்பி அங்கேயே கிடந்தது. அடுத்த ஆடிக்கும் அதுதான் என்று அர்த்தம். சித்திரை முடியும் தறுவாயில் ஒரு நாள் காலையில் அண்ணி கிளுவைக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். என்னையும் கூட வரச் சொன்னார். எதற்கு என்று சொல்லவில்லை.

ஏழுமலை கொல்லையில் சாணி கொட்டிக்கொண்டிருந்தார். அண்ணி கட்டை இறக்கிவைத்தார். செங்கத்துச் சாவைப் பற்றிச் சொன்னார். தன் கொல்லைக் கம்பியைப் பற்றிச் சொன்னார். நான் அந்தக் காலையில் வரப்பில் குனிந்ததைச் சொன்னார். அவர் வாயிலிருந்து அதை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

ஏழுமலை, ராத்திரி மட்டுந்தானே போடுறேன் என்று இழுத்தார். பன்றியால் தான் படும் பாட்டையும் சொன்னார். அதிலும் நியாயம் இருந்தது.

"கம்பிய நீ அவுக்கிறியா, எந்தம்பிய வரச் சொல்லட்டா?" என்றார் அண்ணி. "கட்டத் தெரிஞ்சவன் அவன். அவுக்கவும் தெரியும். அவனுக்குச் சொல்லிக் கட்ட வெச்சவ நானு."

குச்சிக் கட்டை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். எங்கள் வேலி வந்ததும், கடைக்கு நேரமாச்சு, நீ போ என்றார்.

சில நாள் கழித்துக் கம்பி காணோம். இன்னும் சில நாளில் ஏழுமலையின் வரப்போரம் குச்சிகள் வரிசையாக நின்றன. அண்ணிக்குச் சந்தோஷம். என்னை இழுத்துக்கொண்டு பார்க்கப் போனார். பக்கத்தில் போய்ப் பார்த்தவர் அப்படியே நின்றார். முக்கால்வாசிக் குச்சி தலைகீழாக ஊன்றப்பட்டிருந்தது.

இலையில்லாத குச்சியில் எது அடி, எது நுனி என்று ஏழுமலைக்குத் தெரியவில்லை. யாரைக் கேட்பது என்று கூச்சமாக இருந்திருக்கும். எங்களைப் பார்த்துவிட்டு மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

அண்ணி புடவையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். முதல் குச்சியைப் பிடுங்கி அவர் கையில் கொடுத்தார். உள்ளங்கையை அதன்மேல் இரண்டு பக்கமும் மெதுவாக ஓட்டிப் பார்க்கச் சொன்னார். ஒரு பக்கம் ஓட்டினால் வழுக்கிக்கொண்டு போகும். மறு பக்கம் ஓட்டினால் குத்தும்.

"முள்ளு மேல பாக்கணும். அவ்ளோதான்" என்றார்.

வரிசை நீளம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கடை திறக்கவேண்டும் என்று நான் அண்ணியைக் கூப்பிட்டேன்.

"நீ போ. நான் இத்த முடிச்சிட்டு வர்றேன்" என்றார், தலையைத் தூக்காமல்.

வரப்பின் திருப்பத்தில் நின்று ஒரு தரம் பார்த்தேன். அண்ணி குழியை விரலால் அகட்டிக்கொண்டிருந்தார். ஏழுமலை அடுத்த குச்சியைப் பிடுங்கி, உள்ளங்கையால் தடவிப் பார்த்து, திருப்பிப் பிடித்து நீட்டினார்.